மண்ணைப் படித்த அறிஞர் பி.ஈ.பி. தெரணியகல

டைனோசர் என்றதும் நம் எண்ணம் அமெரிக்காவுக்கும் ஆர்ஜென்டீனாவுக்கும் ஓடிவிடுகிறது. ஆனால் அவற்றின் உறவினங்களை நம் நாட்டு ஆறுகளிலும் களப்புகளிலும் கண்டு ஆராய்ந்த அறிஞர் ஒருவர் இங்கேயே வாழ்ந்தார். அவர்தான் போலஸ் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல.

வரலாற்றாசிரியர் சேர் போல் பீரிஸின் மகனாக 1900ஆம் ஆண்டு பிறந்த இவர், கேம்பிரிட்ஜ், ஹாவர்ட் பல்கலைக்கழகங்களில் கற்றுத் தாயகம் திரும்பினார். 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைப் பணிப்பாளராகக் கடமையாற்றினார். இலங்கையின் ஆமைகளையும் முதலைகளையும் பற்றிய இவரது பெருநூல் 1939இல் வெளிவந்தது.

முதலைக்கும் டைனோசருக்கும் என்ன தொடர்பு? ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஊர்வனக் கூட்டமொன்றிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன என்பது உயிரியலாளரின் முடிவு. ஒரு கிளையின் வழியில் இன்றைய முதலைகள் வந்தன. மற்றக் கிளையில் டைனோசர்களும், அவற்றின் வழியே பறவைகளும் தோன்றின. ஆகவே முதலைக்குப் பல்லியைவிட நம் வீட்டுக் கோழியே நெருங்கிய உறவு!

அப்படியாயின் கண்டி மலைகளில் டைனோசர் எலும்புகளைத் தோண்டி எடுக்கலாமா? முடியாது. இங்குள்ள பாறைகள் டைனோசர்களுக்கும் மிக முற்பட்டவை. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. டைனோசர் காலத்துப் படிவுகள் புத்தளத்துக்கு அருகே தப்போவவில் உள்ளன. அங்கே தாவரங்களின் சுவடுகள் கிடைத்துள்ளன.

இதனால் தெரணியகல சோர்ந்துவிடவில்லை. இருப்பதை ஆராய்ந்தார். இரத்தினபுரியில் மாணிக்கம் தேடுவோர் தோண்டிய குழிகளின் சரளை மண்ணில் எலும்புகளும் கிடைத்தன. கல்லைத் தேடுவோருக்கு எலும்பு எதற்கு? அவருக்கோ அதுவே மாணிக்கம். ஒரு காலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் இத்தீவில் வாழ்ந்ததை அவற்றால் நிறுவினார். குருவிட்டவில் கிடைத்த பல்லைக் கொண்டு, அழிந்துபோன இலங்கைச் சிங்கத்துக்குப் பெயரிட்டார். பாலங்கொடை மனிதனைப் பற்றிய ஆய்வுக்கும் அடித்தளமிட்டார்.

1976இல் அவர் மறைந்தார். தொல்லியலாளரான மகன் சிரான் தெரணியகல, தந்தை தொடங்கிய தேடலைத் தொடர்ந்தார்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீர் வற்றும்போது பழைய தெல்தெனிய நகரின் சுவர்கள் வெளித்தெரிவதை நம்மூரார் கண்டிருக்கிறார்கள். மறைந்தவை எல்லாம் அழிந்தவை அல்ல. மாணவிகளே, நம் காலடி மண்ணிலும் படிக்க வேண்டிய ஏடுகள் இன்னும் உள்ளன. பெற்றோரே, ஒரு கல்லையோ எலும்பையோ கையில் ஏந்தி மகள் கேள்வி கேட்டால், அதைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள்.