காற்றின் எடை கண்ட பாஸ்கல்

நம் பழவேற்காட்டுக் கரையை நோக்கிப் புயல் வரும்போது, அதன் மையக் காற்றழுத்தத்தை வானிலைத் துறை ஹெக்டோபாஸ்கலில் அறிவிக்கிறது. அந்த எண் இறங்க இறங்கப் புயல் வலுக்கிறது என்று பொருள். அந்த அலகுக்குத் தம் பெயரைத் தந்தவர் பிளேஸ் பாஸ்கல்.

இவர் 1623-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். வரி அதிகாரியான தந்தையின் சுமையைக் குறைக்க, 1642-இல் கணக்கிடும் இயந்திரம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார்.

உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையுமா? இதைச் சோதிக்குமாறு பாரிசிலிருந்து தம் அக்காள் கணவர் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே பாதரசக் குழாயுடன் புய் த டோம் மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 செ.மீ. இறங்கி நின்றது. கீழே மடத்துத் தோட்டத்தில் துறவி ஒருவர் நாள் முழுதும் காவல் இருந்த மற்றொரு குழாயில் மாற்றமே இல்லை. ஆகவே மாற்றத்துக்குக் காரணம் உயரமே என்பது உறுதியாயிற்று.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நியூட்டன் விசை அழுத்தினால் அது ஒரு பாஸ்கல். 1971-இல் இப்பெயர் சூட்டப்பட்டது. நாம் படிக்கும் 76 செ.மீ. பாதரசம் 1,01,325 பாஸ்கலுக்குச் சமம். நூறால் வகுத்தால் 1,013.25 ஹெக்டோபாஸ்கல், மில்லிபாரிலும் அதே எண்தான். அலகு மாறினால் எண் மாறும். காற்றின் சுமை மாறாது.

தம் வீட்டில் தங்க வைத்திருந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பெரியம்மை கண்டபோது, அவர்களை வெளியேற்ற மனமின்றி, நோயாளியான பாஸ்கல் தாமே அக்காள் வீட்டுக்குச் சென்றார். அங்கேயே 1662 ஆகஸ்ட் 19 அன்று, 39-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

தோழியரே, புயல் செய்தி கேட்கும்போது இம்மேதையையும் நினைவுகூர்வோம்.