டெர்மன் வாத்தியார்

எங்கள் காலத்து எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு டெர்மன் என்றால் ஒரு தடிமனான புத்தகம். பரீட்சை வந்தால் நூலகத்தில் அதற்கு அடிபிடி சண்டைதான். அந்தப் பெயருக்குப் பின்னால் எப்பேர்ப்பட்ட வாத்தியார் இருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

ஃபிரெடரிக் டெர்மன் 1900-இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1924-இல் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு காசநோய் பிடித்துக்கொண்டது. கலிபோர்னியாவில் பெற்றோர் வீட்டில், நெஞ்சின் மேல் மணல் மூட்டையோடு ஒரு வருஷம் படுத்த படுக்கை. எழுந்ததும் பக்கத்திலிருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியரானார்.

படித்த பிள்ளைகள் வேலை தேடிக் கிழக்குக் கரைக்குப் போவது அவருக்கு உறுத்தியது. மாணவர்களை அக்கம்பக்கத்துச் சிறு ரேடியோ கம்பெனிகளுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அவற்றை நடத்தியவர்களில் பலர் அதிகம் படிக்காதவர்கள். படித்தவன் ஏன் செய்யக்கூடாது என்பதே அவர் சொல்லாமல் சொன்ன பாடம்.

வெளியூரில் பெரிய கம்பெனி வேலையில் இருந்த பழைய மாணவர் டேவிட் பேக்கார்டுக்கு 1938-இல் உதவித்தொகை ஏற்பாடு செய்து திரும்ப வரவழைத்தார். இன்னொரு மாணவர் பில் ஹியூலெட், சர்க்யூட்டில் ஒரு சின்ன பல்பைச் சேர்த்து, விலை குறைந்த ஆடியோ ஆசிலேட்டர் ஒன்றைச் செய்திருந்தார். அதை விற்கலாமே என்று தூண்டியவரும் டெர்மன்தான். முதல் 538 டாலர். பட்டறை, வாடகை வீட்டுக் கார் ஷெட். கார் உள்ளே நின்றால் ஆர்டர் இல்லை, வெளியே நின்றால் வியாபாரம் நடக்கிறது என்று வாத்தியார் கணக்குப் போடுவாராம்! வால்ட் டிஸ்னி நிறுவனம் எட்டு ஆசிலேட்டர் வாங்கியது. 1939-இல் அப்படித் தொடங்கியதுதான் எச்.பி. கம்பெனி.

பின்னர் பொறியியல் டீன் ஆனார். 1951-இல் பல்கலைக்கழக நிலத்திலேயே தொழிற்பேட்டை வந்ததற்கும் அவரே முக்கியக் காரணம். சிலிக்கான் பள்ளத்தாக்கு அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. 1982-இல் மறைந்தார்.

இதை ஏன் எழுதுகிறேன்? சில வருஷம் முன்பு நம் கல்லூரித் தம்பி ஒருவன், கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் சர்க்யூட்டைச் செய்து என் பட்டறைக்கு எடுத்துவந்தான். முதலில் வேலைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. டெர்மன் பணத்தை அள்ளிக் கொட்டவில்லை. மாணவன் செய்ததை நின்று பார்த்தார். போனவனைத் திரும்பக் கூப்பிட்டார். நம்மால் முடியாததா இது?

தம்பி, தங்கைகளே! செய்ததைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.