வ.உ.சி.க்குக் கப்பல் எங்கிருந்து கிடைத்தது? சுதேசிக் கப்பல் கம்பெனி உருவானதும் உடைந்ததும்

'கப்பலோட்டிய தமிழன்' என்ற பட்டம் எல்லோருக்கும் தெரியும். 1961-ல் சிவாஜி கணேசன் நடித்து பி.ஆர்.பந்துலு எடுத்த படம் அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால், ஒட்டப்பிடாரத்து வக்கீல் ஒருவருக்குக் கப்பல் எப்படிக் கிடைத்தது, யார் காசு கொடுத்தார்கள், யார் தடுத்தார்கள் என்ற கணக்கு வழக்கு மட்டும் பெரிதாகப் பேசப்படுவதில்லை. கப்பல் என்ன மாட்டுவண்டியா, சந்தையில் பேரம் பேசி ஓட்டிக்கொண்டு வர?

வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தது 1872 செப்டம்பர் 5. அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி, திருநெல்வேலி என்று பள்ளிப்படிப்பு. திருச்சியில் சட்டம் படித்துத் தேறி, 1895-ல் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். 1900-ல் தூத்துக்குடிக்கு ஜாகை மாறினார். அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது இந்த இடமாற்றம்தான்.

அந்தக் காலத் தூத்துக்குடி

தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. அதற்குச் சற்று வடக்கே இருக்கிறது தூத்துக்குடி. 1876-லேயே ரயில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டுமானால் ரயிலில் தூத்துக்குடி, அங்கிருந்து கப்பல். அன்றைக்குப் பிரதான வழி இதுதான். வியாபாரிகள், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், திரும்பி வருகிறவர்கள், மூட்டை முடிச்சுகள் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை.

துறைமுகம் என்று சொல்கிறோமே தவிர, கரையோரம் கடல் ஆழமில்லை. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகிலும் தோணியிலும் ஏறித்தான் கப்பலை அடைய வேண்டும். ஆகவே கப்பல் கம்பெனி நடத்துவதென்றால் கப்பல் மட்டும் இருந்தால் போதாது. படகு வேண்டும், நிலக்கரி வேண்டும், மாலுமிகள் வேண்டும், இக்கரையிலும் அக்கரையிலும் ஏஜென்டுகள் வேண்டும், துறைமுக அதிகாரிகளின் ஒத்துழைப்பும் வேண்டும். இந்த வழித்தடத்தைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மேலே சொன்ன எல்லாமே அதனிடம் இருந்தன.

பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய்

வங்கப் பிரிவினைக்குப் பிறகு 1905-ல் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. பல ஊர்களில் அந்நியத் துணியை எரித்தார்கள், சுதேசிக் கடை திறந்தார்கள். தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுதேசிப் பண்டகசாலை, தரும சங்க நெசவுசாலை என்று தொடங்கினார். பிறகு இன்னும் பெரிய இடத்தில் கை வைத்தார். 1906 அக்டோபர் 16-ம் தேதி, 1882-ம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. அப்போது அவருக்கு வயது 34.

மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! செயலாளர் பொறுப்பும் அவருக்கே. எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்த வ.உ.சி.க்குக் கிடைத்த பதவி துணைச் செயலாளர். பங்கு விற்க ஊர் ஊராக அலைந்ததும் அவர்தான்.

கம்பெனியின் நோக்கங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தூத்துக்குடி - கொழும்பு டிக்கெட் விற்பதோடு அது நிற்கவில்லை. இந்தியர்களுக்குக் கப்பல் ஓட்டவும் கப்பல் கட்டவும் கற்றுக்கொடுப்பது, அதற்கான பள்ளிகளும் கப்பல் கட்டும் துறைகளும் அமைப்பது என்பதெல்லாம் அதில் இருந்தன. இன்று படிக்கும்போதும் கொஞ்சம் துணிச்சலான திட்டம்தான்.

முதலில் வாடகைக் கப்பல்

பதிவு செய்தாயிற்று. கப்பல்? கையில் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷாலேன் ஸ்டீமர்ஸ் கம்பெனியிடம் வாடகைக்குப் பேசி ஓட்டத்தைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் கம்பெனி சும்மா இருக்குமா? ஷாலேன் கம்பெனிக்கு நெருக்கடி கொடுத்தது. வாடகைக் கப்பல் கைவிட்டுப் போனது. உடனே வ.உ.சி. கொழும்புப் பக்கம் ஆள் பிடித்து இன்னொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி ஓட்டத்தை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டார்.

இதில் அவருக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. அடுத்தவன் கப்பலில் சுதேசிக் கொடி கட்டினால், அவன் நினைத்த அன்றைக்குக் கொடியை அவிழ்த்துக்கொள்ள வேண்டியதுதான். சொந்தக் கப்பல் இல்லாமல் கதை நடக்காது. வடக்கே கிளம்பினார். கப்பலோடு வருவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனதாக ஊரில் இன்றும் சொல்வார்கள். அவர் புறப்பட்ட நேரத்தில் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி பிரசவத்தை எதிர்நோக்கி இருந்தார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

பம்பாயில் திலகரின் ஆதரவு கிடைத்தது. 1907-ல் எஸ்.எஸ்.காலியா என்ற கப்பல் வாங்கப்பட்டுத் தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அடுத்து எஸ்.எஸ்.லாவோ. இதை வாங்கி வர வேதமூர்த்தி பிரான்ஸ் வரை போனார். ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். கூடவே 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம் என்று குறிப்புகள் சொல்கின்றன. பாரதியின் 'இந்தியா' பத்திரிகை இந்த வரவைக் கொண்டாடியது. கடற்கரையில் கூட்டம் கூடியதில் வியப்பில்லை. அதுவரை கம்பெனி என்பது பங்குப் பத்திரம்தான். இப்போது புகை விட்டுக்கொண்டு கண்முன்னே நின்றது.

இலவச டிக்கெட், கூடவே குடை

அடுத்து நடந்தது கட்டணச் சண்டை. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு, அதாவது அரை ரூபாய்க்கு இறங்கியது. அவர்கள் காசே வேண்டாம், சும்மா வாருங்கள் என்றார்கள். வருகிறவர்களுக்குக் குடையும் இலவசம். பல துறைமுகங்களில் ஓடுகிற கம்பெனி ஒரு வழித்தடத்தில் நஷ்டத்தைத் தாங்கும். இரண்டே கப்பல் வைத்திருப்பவர்கள் எத்தனை மாதம் தாங்குவார்கள்? அப்படியும் சுதேசிக் கப்பலுக்கு ஆள் சேர்ந்தது. இலவசக் குடையை விட்டுவிட்டு எட்டணா கொடுத்து ஏறியவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கம்பெனியைத் தூக்கி நிறுத்தியதில் பெரிய பங்குதாரர்களுக்குச் சமமான இடம் அவர்களுக்கும் உண்டு.

வியாபாரத்தில் முடியாததை அதிகாரம் செய்து பார்த்தது. துறைமுகத்தில் கெடுபிடி, பயணிகளுக்குத் தொல்லை. அன்று தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்த ஆஷ் சுதேசிக் கம்பெனிக்கு எதிராக நின்றார் என்பது அந்தப் பகுதியில் பலருடைய மனதில் பதிந்துபோனது. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டது இதே ஆஷைத்தான்.

மில்லில் நின்ற வேலை

கம்பெனி இயக்குநர்கள் சிலருக்கு ஒரு மனக்குறை இருந்தது. கப்பல் கம்பெனி நடத்துகிறவர் மேடை ஏறிப் பேசலாமா? போட்ட பணம் என்னாவது? அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வ.உ.சி.க்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியவில்லை.

1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஹார்வி குடும்பத்தின் மில் அது. தாமிரபரணியின் மேற்கோடியில் பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நடந்த மில்லும் அவர்களுடையதுதான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். ஊரே சேர்ந்துகொண்டது. எதிர்த்தரப்புக்கு ஆதரவானவர்களுக்குச் சவரம் செய்ய மறுத்தார்கள், துணி வெளுக்க மறுத்தார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

ஒரே ஊரில் கப்பலிலும் மில்லிலும் வெள்ளைக்கார முதலாளிகளுக்குச் சவால். இதற்கு மேல் பொறுக்க அரசு தயாராக இல்லை. பிபின் சந்திர பாலின் விடுதலையை ஒட்டி மார்ச் 9-ல் தடையை மீறி விழா நடந்தது. திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரைத் தைப்பூச மண்டபத்திலும் கூட்டங்கள் நடந்தன. கலெக்டர் விஞ்ச் அழைத்துப் பேசினார்; மாவட்டத்தை விட்டுப் போகச் சொன்னதை வ.உ.சி. ஏற்கவில்லை. மார்ச் 12-ல் கைது.

மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. கடைகள் அடைப்பு, முனிசிபல் அலுவலகத்துக்கும் தபால் ஆபீஸுக்கும் போலீஸ் நிலையத்துக்கும் தீ, துப்பாக்கிச்சூடு. நான்கு பேர் செத்தார்கள். பிறகு தண்டப் போலீஸை இறக்கி, அந்தச் செலவையும் ஊர் மக்கள் தலையிலேயே கட்டினார்கள்.

சிறையில் இருக்கும்போதே விலை போன கப்பல்

1908 ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனை இரண்டு ஆயுள், ஆக 40 ஆண்டுகள். தான் பேசியதற்கு ஒன்று, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. 1910 கடைசியில் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றினார்கள்.

இதற்கிடையே வெளியே கம்பெனி ஆட்டம் கண்டது. பணம் திரட்டவும் ஏஜென்டுகளைப் பிடிக்கவும் அதிகாரிகளோடு மல்லுக்கு நிற்கவும் ஓடிக்கொண்டிருந்த ஆள் உள்ளே. இருந்தவர்கள் பயந்தார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் காலியாவை வாங்கினார்களோ, அதே பிரிட்டிஷ் கம்பெனிக்கே அது விலை போனது. செக்கிழுத்ததைவிட இந்தச் செய்திதான் அவரை அதிகம் வதைத்திருக்கும்.

1912 டிசம்பர் 24-ல் விடுதலையானார். வரவேற்கப் பெருங்கூட்டம் வரவில்லை. தொழுநோயால் உருக்குலைந்த சிவா வந்திருந்தார். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைக்கடை, மண்ணெண்ணெய்க் கடை, கோவையில் வங்கி வேலை என்று அலைந்தார். சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் மீண்டும் கறுப்பு அங்கி போட்டார். நடுவே தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார், ஜேம்ஸ் ஆலனின் புத்தகங்களைத் தமிழாக்கினார். வறுமையில் இருந்த ஒருவர் செய்த பதிப்பு வேலை என்று பார்த்தால் அது தனிக் கட்டுரைக்கே உரியது.

1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936 நவம்பர் 18-ல், அவர் விருப்பப்படியே காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. கடைசியாக எழுதிய உயிலில் கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கியையும் குறித்துவைத்திருந்தார்.

அவர் சண்டை போட்ட வழித்தடமும் அதற்கு முன்பே மாறிவிட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடி - தலைமன்னார் வழிக்குப் போய்விட்டார்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயரை வைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் 'ஸ்கோசியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் அங்கிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. நவம்பரில் அந்தச் சேவையும் நின்றுபோனது.