மரத்திற்கும் அறம் வகுத்த ஜாம்போஜி

உலகைத் துறந்தார்க்குக் கொல்லாமை நெறி தெளிவானது. ஏர் பிடித்து உழுது, அடுப்பெரித்து, ஆடுமாடு வளர்த்து வாழும் இல்லறத்தார்க்கோ அந்நெறி நாள்தோறும் எழும் வினாவாகும். எவ்வுயிரைக் காப்பது, எதற்கு இடையூறு நேர்வது தவிர்க்க இயலாதது என்று அவர்கள் ஒவ்வொரு வேளையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் வழிவழியாக உழவுத் தொழிலை நம்பி வாழ்ந்தோராதலின் இவ்வினா நமக்குப் புதியதன்று. தார்ப் பாலைவனத்தின் உழவர்க்கு இதற்கு விடை கண்டு கொடுத்த ஒருவரின் வரலாற்றை நாம் அறிதல் நலம். அவரே ஜாம்போஜி என்று அன்புடன் அழைக்கப்பெறும் குரு ஜாம்பேசுவரர்.

அவர் 1451ஆம் ஆண்டில், இராசத்தானத்தின் நாகௌர்ப் பகுதியிலுள்ள பீபாசர் என்னும் சிற்றூரில் தோன்றினார். தந்தையார் லோகட்டு; தாயார் ஹன்சா தேவி. பன்வார் இராசபுத்திரக் குடியினர். இளமையில் அவர் பல்லாண்டுகள் பேசாதிருந்தார் என்பது மரபுச் செய்தி. வளர்ந்தபின் ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் மாடு மேய்த்தார். மழை அரிதாகிய அந்நிலத்தில் எந்த மரம் கோடையிலும் பச்சை மாறாது நிற்கும், எதன் நிழலில் மானும் மாடும் ஒதுங்கும் என்பவற்றை அவர் ஏட்டில் கற்கவில்லை. மேய்ச்சல் வெளியிலேயே கண்டறிந்தார்.

பெற்றோர் மறைந்த பின் உடைமைகளைத் துறந்து சம்ராதல் என்னும் மணல்மேட்டில் தங்கினார். அக்காலத்தில் பெரும் பஞ்சம் நேர்ந்தது. மக்கள் பசிக்கு விலங்குகளைக் கொன்றனர். விறகுக்கும் தீவனத்திற்கும் மரங்களை வெட்டினர். மரம் போனபின் நிலம் மேலும் வறண்டது. ஊரை விட்டுப் பெயர்ந்து சென்றோர் பலர். இந்நிலையில் 1485ஆம் ஆண்டில் ஜாம்போஜி தம்மை நாடி வந்தோரை ஒரு சமூகமாக்கி, அவர்கள் கைக்கொள்ள இருபத்தொன்பது விதிகளை வகுத்தார். அவர்கள் மொழியில் ‘பீஸ்’ என்பது இருபது. ‘நௌ’ என்பது ஒன்பது. இவ்விரண்டும் கூடியே பிஷ்னோய் என்னும் பெயர் அமைந்தது என்பர். திருமாலை வழிபடுவோராதலின் இப்பெயர் பெற்றனர் என்று கூறுவாரும் உளர்.

அவ்விதிகளைப் படிக்கும் சமண வாசகர்க்கு வியப்புத் தோன்றும். நீரையும் பாலையும் வடிகட்டியே பருக வேண்டும். விறகைத் தட்டிப் பார்த்துச் சிற்றுயிர் நீக்கியே எரிக்க வேண்டும். ஊன், கள், புகையிலை, அபின் ஆகியன கூடா. பொய், களவு, புறங்கூறல் ஆகியன விலக்கத்தக்கன. பொறுமையும் இரக்கமும் வேண்டும். இவை நம் இல்லங்களில் பாட்டிமார் சொல்லித் தந்தவற்றோடு பெரிதும் ஒத்தவை. எனினும் அவர் நெறி திருமால் வழிபாட்டையும் வேள்வியையும் உடையது, நம் நெறியன்று. வேறு வேறு நம்பிக்கைகள் உயிரிரக்கம் என்னும் ஒரே இடத்தில் வந்து கூடுதல் போற்றத்தக்கது.

அவர் விதிகளுள் தனிச் சிறப்புடையது பச்சை மரத்தை வெட்டலாகாது என்பது. அந்நிலத்தின் உயிர்நாடி கேஜ்ரி மரம். நம் நாட்டு வன்னி மரமே அது. அதன் வேர் மிக ஆழமாகச் செல்லும். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்திற்கும் தீவனம். காய் மனிதர்க்குக் கறியுணவு. அதனடியில் பயிர் செழிக்கும். ஆகவே ஜாம்போஜியின் விதி வாழ்க்கைக்குப் புறம்பான கட்டளையன்று. மரத்தைக் காத்தவன் தன் வயலையும் காத்தவனானான். ஆனால் பயன் கருதி மட்டும் காத்திருந்தால், அதனினும் பெரிய பயன் கிடைக்கும் நாளில் மரம் வீழ்ந்திருக்கும். விதியைச் சமயக் கடமையாக்கியதே அவர் செய்த பெருஞ்செயல். அவர் 1536ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய சமாதி பீகானேர் மாவட்டத்து முகாம் என்னும் ஊரில் உள்ளது.

அவர் மறைந்து 194 ஆண்டுகளுக்குப் பின் அவ்விதிக்குச் சோதனை வந்தது. 1730ஆம் ஆண்டில் ஜோத்பூர் மன்னர் அபய சிங்கின் கட்டடப் பணிக்குச் சுண்ணாம்புக் காளவாய் எரிக்க விறகு வேண்டியிருந்தது. ஏவலர் கேஜர்லி என்னும் ஊருக்கு வந்து வன்னி மரங்களை வெட்டத் தொடங்கினர். அமிர்தா தேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று உயிர் நீத்தார். அவர்தம் புதல்வியர் மூவரும் அவ்வாறே மாண்டனர். சுற்றுப்புற ஊர்களிலிருந்து வந்தோரும் சேர்ந்து 363 பேர் உயிர் கொடுத்தனர் என்று அச்சமூகம் போற்றி வருகிறது. செய்தியறிந்த மன்னர் வருந்தி, பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டுதலையும் வேட்டையாடுதலையும் தடை செய்தார். மரங்களைத் தழுவிக் காத்த இமயமலைச் சிப்கோ இயக்கம் தோன்றியது 1973இல். அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக முற்பட்டது இத்தியாகம்.

இன்றும் அவ்வூர்களில் மான்கள் அச்சமின்றி வயலில் மேய்கின்றன. தாயிழந்த மான்குட்டிக்குத் தம் பாலையே ஊட்டும் தாய்மார் அங்குண்டு. சோதனையும் தீர்ந்தபாடில்லை. அண்மை ஆண்டுகளில் பீகானேர்ப் பகுதியில் சூரிய ஒளி மின்நிலையங்களுக்காக வன்னி மரங்கள் வெட்டப்பட்டபோது அம்மக்கள் எதிர்த்துப் போராடினர். புகையில்லா மின்சாரம் நற்பயனே. அப்பயனுக்காகவும் மரத்தை விலைபேச அவர்கள் உடன்படவில்லை.

மரத்தை ஓரறிவுயிர் என்று நம் ஆகமங்கள் அதற்கும் நெடுங்காலம் முன்பே வகுத்துள்ளன. நீர், நிலம், தீ, காற்று ஆகியவற்றிலும் உயிருண்டு என்று கொள்வது நம் நெறி. நம்மிடம் கொள்கைக்குக் குறைவில்லை. வீடு விரிக்கும்போது முற்றத்து வேம்பையும், நிலம் விற்கும்போது வரப்பிலுள்ள பனையையும் என் செய்கிறோம் என்பதிலேயே அக்கொள்கை நம் வீட்டில் வாழ்கிறதா என்பது தெரியும். ஆடு மேய்க்கும் சிறுவனும் கைக்கொள்ளத்தக்க எளிய விதியாக ஜாம்போஜி அறத்தை அமைத்தார். நம் பிள்ளைகளுக்கு நாமும் அவ்வாறு ஒரு விதியையேனும் பழக்கித் தருவோமாக.