பேர்டினண்ட் டி லெசெப்ஸ் (1805 – 1894)

சுயஸ் கால்வாயை அமைத்த பொறியியலாளர் லெசெப்ஸ் என விடைத்தாள்களில் எழுதும் மாணவர்கள் பலர். இது பிழையாகும். அவர் பொறியியல் கற்றவரல்லர். பிரான்சின் இராஜதந்திர சேவையில் இருந்தவர். இதனை மனதிற் கொண்டு படித்தால் அவரது வெற்றியும் வீழ்ச்சியும் எளிதில் விளங்கும்.

1805 நவம்பர் 19 ஆந் திகதி வெர்சாய் நகரில் லெசெப்ஸ் பிறந்தார். 1832 இல் துணைக் கொன்சலாக எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பப்பட்டார். நோய்த்தடுப்புக்காகக் கப்பலில் தடுத்து வைக்கப்பட்டிருந்த நாட்களில், நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பின்போது தயாரிக்கப்பட்ட அறிக்கையொன்றை வாசித்தார். மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் கால்வாயினால் இணைப்பது பற்றியது அது. செங்கடல் சுமார் 10 மீற்றர் உயரத்தில் உள்ளதென அவ்வறிக்கை தவறாகக் கணித்திருந்தது. இரு கடல்களும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதை 1847 ஆம் ஆண்டின் அளவீடு உறுதிப்படுத்தியது.

அக்காலத்தில் எகிப்தை ஆண்ட முகம்மது அலியின் மகன் சயீத் உடல் பருத்த சிறுவன். தந்தை உணவைக் கட்டுப்படுத்தியபோது லெசெப்சின் வீட்டில் அவனுக்கு ரகசியமாக மக்கரோனி கிடைத்தது என்பது பலரும் சொல்லும் கதை. 1854 இல் அந்தச் சயீத் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பர் 30 இல் கால்வாய் வெட்டும் உரிமை லெசெப்சுக்குக் கிடைத்தது. கால்வாய் திறக்கப்பட்டதிலிருந்து 99 ஆண்டுகளுக்கு அதனைக் கம்பனி நிர்வகிக்கலாம் என்பது ஏற்பாடு.

இந்தியாவுக்கான வழி பிரான்சின் கைக்குப் போய்விடும் என அஞ்சிய பிரித்தானியா இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தது. லெசெப்ஸ் தளரவில்லை. 1858 இல் கம்பனியை ஆரம்பித்துப் பங்குகளை விற்றார். 1859 ஏப்ரல் 25 இல் வேலை தொடங்கியது. எகிப்திய விவசாயிகள் கட்டாய வேலைக்காக ஆயிரக்கணக்கில் பாலைவனத்துக்குக் கொண்டுவரப்பட்டனர், உயிரிழந்தோர் பலர். (கால்வாயின் புகழை எழுதும்போது இவர்களை விட்டுவிட வேண்டாம்.) 1864 இல் இம்முறை ஒழிக்கப்பட்ட பின்னர் நீராவியால் இயங்கும் தூர்வாரும் இயந்திரங்கள் மீதி வேலையைச் செய்தன. 1869 நவம்பர் 17 இல் சுமார் 164 கிலோமீற்றர் நீளமான கால்வாய் திறக்கப்பட்டது. ஆபிரிக்காவைச் சுற்றிச் செல்லும் தேவை நீங்கியதால் இலண்டன் – பம்பாய் கடற்பயணம் ஏறத்தாழ 40 சதவீதத்தால் குறைந்தது. இலங்கையையும் இம்மாற்றம் தொட்டது. கிழக்கு நோக்கிய கப்பல் போக்குவரத்துப் பெருகியது. 1875 இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காலித் துறைமுகத்தின் முக்கியத்துவம் கொழும்புக்கு மாறியது.

லெசெப்ஸ் இத்துடன் ஓய்ந்திருக்கலாம். ஆனால் 1879 இல், 73 வயதில், பனாமாக் கால்வாய்த் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். சுயசைப் போலவே கடல்மட்டத்தில் வெட்ட வேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றார். ஆற்றை அணைகட்டி மறித்து ஏரி அமைத்து, கப்பல்களைப் படிப்படியாக மேலே உயர்த்திக் கடக்கச் செய்யலாம் எனக் கொடின் டி லெப்பினே என்ற பொறியியலாளர் பாரிஸ் மாநாட்டில் கூறியது எடுபடவில்லை. சுயசில் இருந்தது தட்டையான மணல். பனாமாவில் மலை, அடர்காடு, மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும் சாக்ரஸ் ஆறு. தோண்டத் தோண்ட மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. மஞ்சள் காய்ச்சலையும் மலேரியாவையும் நுளம்புகள் பரப்புகின்றன என்பது அன்று அறியப்படவில்லை. வைத்தியசாலைக் கட்டில்களில் எறும்பு ஏறாதிருக்க அவற்றின் கால்களின் கீழ் வைத்த நீர்க் கிண்ணங்களிலேயே நுளம்புகள் பெருகின! இறந்தோர் தொகை சுமார் 20,000 என மதிப்பிடப்படுகிறது.

1887 இல் லெசெப்ஸ் தமது திட்டத்தை மாற்றச் சம்மதித்தார். காலம் கடந்துவிட்டது. 1889 இல் கம்பனி முறிந்தது. அவரது பெயரை நம்பிப் பணம் போட்ட சாதாரண பிரெஞ்சுக் குடும்பங்கள் இலட்சக்கணக்கில் சேமிப்பை இழந்தன. அரசியல்வாதிகளுக்கு இலஞ்சம் கொடுக்கப்பட்டதும் வெளிவந்தது. 1893 இல் அவருக்கும் மகன் சார்ள்சுக்கும் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மேன்முறையீட்டில் நீக்கப்பட்டது. 1894 டிசம்பர் 7 இல் லெசெப்ஸ் காலமானார். பனாமாக் கால்வாயை அமெரிக்கர் 1914 இல் திறந்தனர். அணையும் ஏரியும் கொண்ட முறையே அதற்குக் கைகொடுத்தது.

1956 ஜூலை 26 இல் எகிப்திய சனாதிபதி நாசர் சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். வானொலி உரையில் அவர் லெசெப்சின் பெயரை உச்சரிப்பதே கம்பனி அலுவலகங்களைக் கைப்பற்றுவதற்கான இரகசியச் சைகையாக இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் போர்ட் சயீத்தில் நின்ற லெசெப்சின் சிலையும் வெடிவைத்து வீழ்த்தப்பட்டது.