மெழுகு நூல் சுற்றிய மீரா

ஓவிய வகுப்பில் பிடித்த படத்தை வரையச் சொன்னால் என்ன வரைவீர்கள்? நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு மலைகள், நடுவில் உதிக்கும் சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் தென்னை மரம், பக்கத்தில் ஒரு குடிசை. சரிதானே?

பண்ருட்டிப் பக்கத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். எத்தனை நூறு முறை இந்தப் படத்துக்கு மதிப்பெண் போட்டிருப்பேனோ தெரியாது! நம் ஊரில் மலை எங்கே இருக்கிறது? நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான் நமக்கு மலை. இங்கே இருப்பது பலா மரமும் முந்திரித் தோப்பும். ஆனால் அவற்றை யாரும் வரைவதில்லை.

ஒரே ஒரு சிறுமி மட்டும் தன் அம்மா முந்திரிக்கொட்டை உடைப்பதை வரைந்து வந்தாள். அம்மாவின் முகம் சரியாக வரவில்லை. ஆனால் விரல்களுக்கு மட்டும் அழுத்தமாகக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டால் விரல் கறுத்துப் போகும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் படத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

தான் கண்டதையும் பட்டதையும் இப்படியே கலையாக்கிய ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் வரைந்தது தாளில் அல்ல, உலோகத்தில்! அவர் பெயர் மீரா முகர்ஜி.

மீரா 1923ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். நம் வீட்டு வாசலில் மாக்கோலம் போடுவது போல வங்காளத்து வீடுகளில் அரிசி மாவைக் கரைத்து ஆல்பனா என்ற கோலம் போடுவார்கள். தன் அம்மா போட்ட ஆல்பனாதான் மீராவுக்கு முதல் ஓவியப் பாடம். 14 வயதில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1941இல் திருமணம் நடந்தது. அந்த வாழ்க்கை நீடிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக நின்று தன் வழியைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மீரா துவண்டுவிடவில்லை. மறுபடியும் மாணவியானார். டில்லி பாலிடெக்னிக்கில் படித்து, நாடு விடுதலை பெற்ற 1947இல் பட்டயம் வாங்கினார்.

பிறகு உதவித்தொகை கிடைத்து, 1953இல் ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரக் கலைக் கல்லூரிக்குச் சென்றார். ஓவியராகப் போனவர் அங்கே சிற்பியாக மாறினார். அங்கிருந்த ஆசிரியர்கள், உன் நாட்டில் உள்ள கலையை நீ பார்க்க வேண்டும் என்று வழிகாட்டினார்கள். வெளிநாட்டுக்குப் போய்த் தெரிந்துகொண்ட செய்தியைப் பார்த்தீர்களா!

நாடு திரும்பிய மீரா, டார்ஜிலிங் அருகே குர்சியாங் என்ற மலை ஊரில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். நல்ல வேலை, குளிர்ந்த ஊர். ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை. 1959இல் கிளம்பிவிட்டார்.

1961இல் இந்திய மானிடவியல் ஆய்வுத்துறையின் உதவியோடு, உலோகக் கைவினைஞர்களைத் தேடி ஊர் ஊராகப் பயணம் புறப்பட்டார். அப்படிப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் பஸ்தர். அடர்ந்த காடுகள் சூழ்ந்த பகுதி அது. அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்தது, இன்று சத்தீஸ்கர் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே கட்வா என்ற கைவினைஞர்கள் பித்தளையில் சாமி உருவங்களும் யானை, குதிரைகளும் வார்த்து வந்தார்கள். பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவர்கள் அவர்களில் பலர்.

மீராவுக்கு அப்போது 38 வயது. ஜெர்மனியில் படித்தவர். ஆசிரியர் வேலை பார்த்தவர். அப்படிப்பட்டவர் அந்தக் குடிசைகளின் முன்னால் தரையில் உட்கார்ந்து, மண் பிசைவதிலிருந்து பாடம் கேட்டார். இந்த இடத்தை எழுதும்போது எனக்கு என்னையே நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆசிரியராகிவிட்டால் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ள மனம் வராது.

அவர் கற்ற முறையைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். நம் பண்ருட்டிக் கொலு பொம்மைகளுக்கு அச்சு உண்டு. ஓர் அச்சில் நூறு பிள்ளையார்கள் செய்யலாம். நூறும் ஒரே மாதிரி இருக்கும். பஸ்தர் முறை அப்படி அல்ல. முதலில் களிமண்ணால் உருவத்தின் உள்பகுதியைச் செய்து காய வைப்பார்கள். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து நூல் நூலாக இழுப்பார்கள். அந்த மெழுகு நூலை மண் உருவத்தின் மேல் நெருக்கமாகச் சுற்றுவார்கள். கண், மூக்கு, நகை எல்லாம் மெழுகுதான். அதன் மேல் மென்மையான மண்ணைப் பூசி, பிறகு கனமான மண்ணால் மூடுவார்கள். ஒரு துளை மட்டும் விடுவார்கள்.

சூளையில் சுட்டால் உள்ளே இருக்கும் மெழுகு உருகிப் போய்விடும். மெழுகு இருந்த இடம் காலியாக இருக்கும் அல்லவா? அதில் உருகிய பித்தளையைச் செலுத்துவார்கள். உடைந்த பழைய பாத்திரங்கள்கூட அதற்குப் பயன்படும். ஆறியதும் மேல் மண்ணை உடைத்தால் உள்ளே சிற்பம்! மண் கூட்டை உடைத்துவிட்டதால் அதே போல இன்னொன்று வராது. ஒரு கூட்டுக்கு ஒரு சிற்பம்தான். உலோகம் ஓரிடத்தில் ஓடாமல் நின்றுவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் வீண்.

நம் சுவாமிமலையிலும் மெழுகு கொண்டுதான் சிலை வார்க்கிறார்கள். அங்கே முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்து காவிரி வண்டல் மண்ணைப் பூசுவார்கள். உள்ளே களிமண் இராது. அதனால் அந்தச் சிலைகள் கனமானவை. உங்கள் வரலாற்றுப் பாடத்தில் வரும் மொகஞ்சதாரோ நடனப் பெண் சிலையும் மெழுகு முறையில் வார்த்ததே. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தியது அது!

மீரா இந்தத் தொழிலைக் கற்றாரே தவிர, பஸ்தர் உருவங்களை அப்படியே திரும்பச் செய்யவில்லை. அவர் தினமும் கண்டது எது? வலை வீசும் மீனவர், படகு தள்ளுவோர், தறியில் உட்கார்ந்த நெசவாளி, கூடி உட்கார்ந்து துணி தைக்கும் பெண்கள், கூலி வேலை செய்வோர். அவர்களையே வார்த்தார். அவர் இந்துஸ்தானி இசையும் பயின்றவர். அதனால்தானோ என்னவோ, அவர் செய்த மனிதர்கள் நிற்கும்போதுகூட அசைவது போலவே தோன்றுவார்கள்.

அவருடைய சிற்பங்களில் பெரும் புகழ் பெற்றது 'கலிங்கத்தில் அசோகர்'. 1972இல் முடிந்தது. போர்க்களத்தில் கிடந்த பிணங்களைக் கண்டு மனம் மாறிய அந்த மன்னரை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். மீரா ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தார்? அந்த ஆண்டுகளில் கல்கத்தா தெருக்களில் வன்முறை தலைவிரித்தாடியது. 1971இல் பக்கத்து நாட்டில் போர் மூண்டு, இலட்சக்கணக்கான அகதிகள் வங்காளத்துக்குள் வந்தார்கள். இவற்றின் நடுவே வாழ்ந்தவர் செய்த அசோகர் அவர். சிலையின் உயரம் 11 அடிக்கும் மேல்! கையடக்கமான உருவங்களுக்கு உரிய முறையில் இவ்வளவு பெரிய சிலையை எப்படி வார்ப்பது? பகுதி பகுதியாக வார்த்து, பிறகு ஒன்றாக இணைத்தார்.

1968இல் குடியரசுத் தலைவரின் கைவினைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. 1992இல் பத்மஸ்ரீ. இந்தியா முழுவதும் தான் சந்தித்த உலோகக் கைவினைஞர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. குழந்தைகளுக்குக் கதைகளும் எழுதினார்.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். கல்கத்தாவை அடுத்த கிராமத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, தாங்கள் அன்றாடம் பார்ப்பதை வரையச் செய்தார். அந்தப் படங்களைத் துணியில் காந்தா என்னும் வங்காளத் தையல் வேலைப்பாடாகத் தைத்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள்தான்!

மீரா 1998இல் காலமானார். டில்லியில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய படைப்புகள் இருக்கின்றன. சுற்றுலா போகும்போது முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மெல்லச் சுற்றிவந்து உற்றுப் பாருங்கள். உருகிப்போன மெழுகின் கோடுகள் உலோகத்தில் தெரியும்.