தாய்க்கு அமுக்கிவிட்ட சிறுவன்
விரல் வைத்தியத்தால் உலகப் புகழ் பெற்ற ஜப்பானியர்

வேலை முடிந்து வீடு திரும்பியதும் காலை நீட்டிக்கொண்டு, அமுக்கிவிடும்படி பிள்ளையைக் கூப்பிடுவது நம் வீடுகளில் வழக்கம். ஈஜிபுராவில் குடியிருந்துகொண்டு, நாள் முழுவதும் தையல் எந்திரத்தின் முன்போ ஆபீஸ் நாற்காலியிலோ உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும்.

பக்கத்தில் உள்ள கோரமங்களாவில் மசாஜ் நிலையங்கள் இருக்கின்றன. இதே காரியத்துக்கு அங்கே கட்டணம் உண்டு. அந்தக் கட்டணப் பட்டியலில் ஷியாட்சு என்ற பெயரையும் பார்க்கலாம்.

அது ஜப்பானியச் சொல். ஷி என்றால் விரல். அட்சு என்றால் அழுத்தம். அந்த வைத்தியத்தை ஊரறிய, உலகறியச் செய்தவர் டோக்குஜிரோ நமிகோஷி. அவரும் தாய்க்கு அமுக்கிவிட்ட பிள்ளைதான்.

குளிர் தேசம்

நமிகோஷி 1905-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி, ஜப்பானின் தெற்கே ஷிகோகு தீவில் பிறந்தார். அவருக்கு 7 வயதானபோது குடும்பம் பிழைப்பு தேடி வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போயிற்று. தெற்கத்திக் குடும்பத்துக்கு அந்தக் குளிர் புதிது.

அங்கே போனபின் தாய் மாசாவுக்கு மூட்டுகளில் வலி கண்டது. முழங்காலில் தொடங்கி உடம்பெல்லாம் பரவியது. அவர்கள் குடியேறிய ருசுட்சு கிராமத்தில் டாக்டர் கிடையாது. மருந்தும் கிடையாது.

பிள்ளைகள் மாறி மாறித் தடவினார்கள், அமுக்கினார்கள். டோக்குஜிரோவின் கைதான் தாய்க்கு இதமாக இருந்தது. தடவுவதைவிட அழுத்துவதே நல்லது என்பதைச் சிறுவன் கண்டுகொண்டான். எந்த இடம் விறைத்திருக்கிறது, எங்கே சூடு குறைந்திருக்கிறது என்பதை விரலாலேயே அறிந்து அழுத்தினான். முதுகெலும்பின் இருபுறமும் அதிகம் அழுத்தினான். தாய் மெல்ல மெல்லத் தேறினார்.

முதுகில் அழுத்தியதால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி தூண்டப்பட்டு, வீக்கத்தைத் தணிக்கும் கார்ட்டிசோன் சுரந்தது என்று பிற்காலத்தில் நமிகோஷி விளக்கம் சொன்னார். அது அவருடைய கருத்து. மூட்டுவாதத்தை விரல் அழுத்தம் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவ ஆய்வுகளில் போதிய சான்று இல்லை. மூட்டுவாதம் தானாகக் கூடுவதும் தணிவதும் உண்டு. ஆனால் வலியில் கிடந்த தாய்க்கு மகனின் கை ஆறுதல் தந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

தொழில் ஆயிற்று

1925-ம் ஆண்டு, 20 வயதுகூட நிரம்பாத நமிகோஷி, ஹொக்கைடோவில் உள்ள முரோரன் நகரில் சிகிச்சை நிலையம் திறந்தார். 1933-ல் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார். 1940-ல் அங்கே ஷியாட்சு கற்றுத்தரப் பள்ளி தொடங்கினார்.

ஷியாட்சு என்ற பெயரை அவர் உண்டாக்கவில்லை. 1919-லேயே டாமாய் டெம்பாக்கு என்பவர் அந்தப் பெயரில் புத்தகம் எழுதியிருந்தார். அதற்கும் முன்பே ஜப்பானில் அன்மா என்ற பழைய பிடித்துவிடும் தொழில் இருந்தது. பார்வையற்றவர்கள் பலருக்கு அதுதான் சோறு போட்டது. நமிகோஷி செய்தது, விரல் அழுத்தத்தை முறைப்படுத்திப் பள்ளிப் பாடமாக ஆக்கியது.

எண்ணெய் கிடையாது. உடுத்திய துணியோடு தரையில் விரித்த மெத்தையில் படுக்க வேண்டும். சிகிச்சை தருபவர் பெருவிரலின் சதைப்பகுதியால், தன் உடல் எடையைச் சாய்த்து, சில விநாடிகள் நிதானமாக அழுத்துவார். நகம் படக்கூடாது.

மர்லின் மன்றோ

1954 பிப்ரவரியில் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ, புதுக்கணவரான பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவுடன் டோக்கியோ வந்தார். இம்பீரியல் ஓட்டலில் தங்கியிருந்தபோது மன்றோவுக்கு வயிற்று வலி. நமிகோஷியை அழைத்தார்கள். அவர் போய் அழுத்தினார். வலி தணிந்தது. செய்தி பரவியது.

ஏறக்குறைய 30 ஆண்டுகள் உழைத்தவருக்கு, ஒரு நடிகையின் வயிற்று வலி தேடித்தந்த பெயர்தான் பெரிதாகப் போயிற்று! பின்னாளில் டெலிவிஷனில் தோன்றி வீட்டுப் பெண்களுக்கும் ஷியாட்சு சொல்லிக்கொடுத்தார்.

சட்டத்தில் இடம்

நடிகை தந்த பெயரைவிட முக்கியமானது அடுத்த ஆண்டு நடந்தது. 1955-ல் ஜப்பானியச் சட்டத்தில் ஷியாட்சு என்ற பெயர் இடம் பெற்றது. 1957-ல் அவருடைய பள்ளிக்கு சுகாதார அமைச்சகத்தின் அங்கீகாரம் கிடைத்தது. இன்று ஜப்பானில் இந்தத் தொழில் செய்ய 3 ஆண்டுகள் படித்து, அரசாங்கப் பரீட்சையில் தேற வேண்டும்.

நம் நாட்டில் ஷியாட்சுவுக்கென்று அப்படி ஓர் அரசாங்கப் பரீட்சை இல்லை. சில நாள் பயிற்சி பெற்றவரும் போர்டு மாட்டலாம். அலுப்புக்கும் சாதாரண முதுகு வலிக்கும் சுகம் தேடிப் போவது வேறு. தீராத நோயைத் தீர்ப்பதாகச் சொல்பவரிடம் சம்பளப் பணத்தைக் கொடுப்பது வேறு. எலும்பு முறிந்தவர்களும், காலில் ரத்தம் உறைந்து வீக்கம் கண்டவர்களும் அழுத்த விடவே கூடாது. அவர்கள் போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

நமிகோஷியின் மகன் டோரு அமெரிக்காவில் இந்த வைத்தியத்தைப் பரப்பினார். தந்தைக்கு முன்பே, 1994-ல் அவர் இறந்துவிட்டார். முதியவர் 2000-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி, 94-வது வயதில் காலமானார். டோக்கியோவில் அவர் தொடங்கிய பள்ளி அதன் பிறகும் மாணவர்களைச் சேர்த்து வருகிறது.